இண்டெக்ஸ் பருத்து டிஸ்க் நிரம்பிய போஸ்ட்கிரெஸ் சர்வர்: எதை நீக்குவது, எதை மறுபடி கட்டுவது

காரைக்குடியில் பலகாரமும் கண்டாங்கிச் சேலையும் இணையத்தில் விற்கும் ஒரு கடையின் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் தம்பி கேட்டது இது. 40 ஜிபி டிஸ்கில் 1.5 ஜிபிதான் மிச்சம். டேட்டாபேஸ் மென்பொருள் போஸ்ட்கிரெஸ் 14.2, முன்பு 12 ஆக இருந்து, பதிப்பு மாற்றும் கருவியான பிஜி_அப்கிரேட் வழியாக வந்தது. ஆர்டர்_வரிகள் என்ற டேபிளில் 1 கோடியே 20 லட்சம் வரிகள் இருந்தன. பழைய 80 லட்சத்தைப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு நீக்கிவிட்டார். டேபிள் 5 ஜிபி, அதன்மேல் உள்ள 11 இண்டெக்ஸும் (தேடலை விரைவாக்கும் வரிசைப் பட்டியல்) சேர்ந்து 11 ஜிபி. நீக்கிய பிறகும் ஒரு எம்பி கூடக் குறையவில்லை. தீபாவளி ஆர்டர் தொடங்குவதற்குள் சரிசெய்யச் சொல்லிக் கடை ஆச்சி கேட்கிறார். வேக்கம் ஃபுல் போட்டுவிடலாமா என்பது தம்பியின் கேள்வி.

போடாதீர்கள் தம்பி. வேக்கம் ஃபுல் டேபிளைப் புதிதாக எழுதி, எல்லா இண்டெக்ஸையும் அதன்மேல் புதிதாகக் கட்டி முடித்த பிறகுதான் பழையதை விடும். அதுவரை இரண்டும் டிஸ்கில் இருக்கும். உங்களிடம் மிச்சமுள்ள 1.5 ஜிபியில் புது டேபிளே முழுதாக அடங்காது. அதோடு, வேலை முடியும்வரை அந்த டேபிளை யாரும் வாசிக்கக்கூட முடியாது. நடுவில் டேட்டா எழுத இடமில்லாமல் போனால் பிழை காட்டிப் பின்வாங்கிவிடும், அதில் கெடுதல் இல்லை. ஆனால் வால் கோப்பு (ஒவ்வொரு மாற்றத்தையும் முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவேடு) எழுதவே இடமில்லாமல் போனால் சர்வர் முழுவதும் பேனிக் ஆகி நின்றுவிடும். இரவு 12 மணிக்கு அந்த நிலையில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

கட்டளைகளைக் கீழே தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். திரையில் ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

முதலில், நீக்கியும் ஏன் குறையவில்லை என்று தெரிந்தால்தான் எந்த இண்டெக்ஸில் கைவைப்பது என்று புரியும். இண்டெக்ஸ் 8 கேபி பேஜ்களாக அடுக்கப்பட்டது. வரி நீங்கியதும் வேக்கம் வந்து செத்த பதிவுகளைப் பேஜிலிருந்து துடைக்கிறது. ஒரு பேஜ் முழுவதும் காலியானால்தான் அதை எடுத்து வேறு பதிவுகளுக்குக் கொடுக்கும். அதில் ஒரே ஒரு உயிருள்ள பதிவு மிஞ்சினாலும் அந்த 8 கேபி அப்படியே நிற்கும். நம் ஊர்ப் பெரிய வீடுகளில் வளவைச் சுற்றிப் பங்காளிக்கு ஓர் அறை இருக்கிறதல்லவா, ஆள் சென்னையிலோ பினாங்கிலோ இருந்தாலும் உள்ளே அவருடைய ஒரு பெட்டகம் இருக்கும்வரை அறைப் பூட்டை யாரும் தொடமாட்டார்கள். அதே கதைதான். முழுக்கக் காலியான பேஜும் அந்த இண்டெக்ஸுக்குள்ளேயே மறுபடி பயன்படுமே தவிர, பி-ட்ரீ என்ற வழக்கமான வகை இண்டெக்ஸ் கோப்பை வேக்கம் ஒருபோதும் சுருக்கி இயங்குதளத்திடம் திருப்பித் தராது.

உங்கள் இண்டெக்ஸ்கள் எல்லாம் ஒரே மாதிரி கெட்டிருக்காது. தேதியின் மேலுள்ள இண்டெக்ஸில் பழைய ஆர்டர்கள் எல்லாம் இடப்பக்கம் ஒன்றையொன்று ஒட்டி இருக்கும். பழைய 80 லட்சத்தை நீக்கினால் அந்தப் பேஜ்கள் முழுமுழுதாகக் காலியாகும். கோப்பு சிறிதாகாவிட்டாலும் அடுத்து வரும் ஆர்டர்கள் அந்த இடத்திலேயே போய் உட்காரும், அது தானாகச் சரியாகிவிடும். போன் எண்ணின் மேலுள்ள இண்டெக்ஸ் வேறு. அங்கே பழைய ஆர்டரும் புது ஆர்டரும் எண் வரிசையில் கலந்து கிடக்கின்றன. மூன்றில் இரண்டு பங்கை நீக்கினால் ஒவ்வொரு பேஜிலும் மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும், எந்தப் பேஜும் காலியாகாது. யூயூஐடி நான்காம் வகையை (வரிசையின்றித் தற்செயலாக உருவாகும் நீண்ட அடையாள எண்) ஆர்டர் எண்ணாக வைத்திருந்தால் அதுவும் இதே ரகம். ஆகவே தேதி, தொடர் எண் இண்டெக்ஸ்களை விட்டுவிட்டு, கலைந்த வரிசையுள்ளவற்றை முதலில் பாருங்கள்.

இன்னொரு காரணம் நீக்குவதற்கு முன்பே இருந்திருக்கும். ஒரு பலகாரப் பொட்டலத்தின் நிலை எத்தனை முறை மாறுகிறது? ஆர்டர் வந்தது, பணம் வந்தது, கட்டியாயிற்று, கூரியரில் கொடுத்தாயிற்று, வழியில் இருக்கிறது, சேர்ந்துவிட்டது: ஐந்து மாற்றம். போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு மாற்றமும் வரியின் புதுப் பிரதி. இண்டெக்ஸ் உள்ள எந்தப் பத்தியும் (டேபிளின் நெடுவரிசை) மாறாமல், அதே பேஜில் இடமும் இருந்தால் ஹாட் என்ற குறுக்குவழியில் இண்டெக்ஸைத் தொடாமலே எழுதிவிடும். நீங்கள் நிலை பத்தியின் மேலேயே இண்டெக்ஸ் வைத்திருக்கிறீர்கள். அதனால் குறுக்குவழி அடைபட்டு, 11 இண்டெக்ஸிலும் புதுப் பதிவு விழுகிறது. ஒரு பொட்டலம் வாடிக்கையாளர் வீடு சேர்வதற்குள் 55 கூடுதல் இண்டெக்ஸ் பதிவுகள். இதைச் சரிசெய்யாமல் மறுபடி கட்டினால், அடுத்த பொங்கலுக்குள் மறுபடி இதே இடத்துக்கு வந்து நிற்பீர்கள்.

இப்போது வேலைக்கு வருவோம். மூச்சுவிட இடம் வேண்டும். அதை டேட்டாபேஸுக்கு வெளியே தேடுங்கள். 12-இலிருந்து மாறியபோது பழைய கிளஸ்டர் (12-இன் டேட்டா முழுவதும் இருந்த) கோப்புறையை நீக்கினீர்களா என்று பாருங்கள். நீக்காமல் விட்டிருந்தால் உபுண்டுவில் பிஜி_டிராப்கிளஸ்டர் கட்டளையால் 12 மெயினை எடுத்துவிடலாம். 14 ஓடிக்கொண்டிருப்பதையும் பேக்கப் வேறு இயந்திரத்தில் இருப்பதையும் உறுதிசெய்த பிறகு மட்டும். சர்வரிலேயே கிடக்கும் பழைய பிஜி_டம்ப் பேக்கப் கோப்புகளையும் வேறு இடத்துக்கு மாற்றுங்கள். ஜர்னல்சிடிஎல் கட்டளை காட்டும் இயங்குதளப் பதிவுகள் சத்தமில்லாமல் சில ஜிபி சாப்பிடும். அதே கட்டளையின் வேக்கம்-சைஸ் என்ற விருப்பத்தில் 200 எம் கொடுத்தால் அந்த அளவுக்குக் குறைந்துவிடும்.

டிஸ்க் இஎக்ஸ்டி4 ஆக இருந்தால் ரூட்டுக்கென 5 சதம் ஒதுக்கப்பட்டிருக்கும். 40 ஜிபியில் அது 2 ஜிபி. போஸ்ட்கிரெஸ் ரூட்டாக ஓடுவதில்லை, ஆகவே அந்த 2 ஜிபி அதற்குக் கிடைக்காது. ட்யூன்2எஃப்எஸ் கட்டளையில் -எம் 1 கொடுத்தால் 1.6 ஜிபி உடனே கைக்கு வரும். வேலை முடிந்ததும் பழையபடி 5 ஆக்கிவிடுங்கள்.

பிஜி_வால் கோப்புறை பெருத்திருந்தால் உள்ளே கைவைத்து ஒரு கோப்பையும் அழிக்காதீர்கள்; அது போனால் டேட்டாபேஸ் மறுபடி எழுந்திருக்காது. பெருத்ததற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று: எப்போதோ அமைத்து மறந்துபோன ரெப்ளிகேஷன் ஸ்லாட் (நகல் சர்வருக்காக வால் கோப்புகளைப் பிடித்துவைக்கும் ஏற்பாடு), அல்லது தோற்றுக்கொண்டே இருக்கும் ஆர்க்கைவ் கட்டளை (வால் கோப்பை வேறிடத்தில் சேமிப்பது). பிஜி_ரெப்ளிகேஷன்_ஸ்லாட்ஸ் பார்வையில் ஆக்டிவ் பத்தி எஃப் என்று இருந்து, அந்த நகல் சர்வர் இப்போது இல்லையென்றால் ஸ்லாட்டை நீக்குங்கள். அடுத்த செக்பாயிண்டில் (மாற்றங்களை டேட்டா கோப்பில் எழுதி முடிக்கும் கட்டம்) வால் கோப்புகள் தானாகக் கழியும்.

அடுத்தது பதிப்பு. இதைத் தாண்டிப் போக வேண்டாம் என்று கையைப் பிடித்துச் சொல்கிறேன். 14.0 முதல் 14.3 வரை, கன்கரன்ட்லி (டேபிளில் எழுதுவதைத் தடுக்காமல்) என்று சொல்லிக் கட்டும் இண்டெக்ஸில் சில வரிகள் விடுபட்டுப்போகும் பிழை இருந்தது. 2022 ஜூனில் வந்த 14.4-இல்தான் சரியானது. நீங்கள் 14.2-இல் இருக்கிறீர்கள். அதே பதிப்பில் இண்டெக்ஸைக் கட்டினால் இடம் மிஞ்சும், ஆனால் ஆர்டர் தேடினால் கிடைக்காமல் போகலாம். 14 வரிசையின் கடைசிச் சிறு பதிப்புக்கு மாறுங்கள். சிறு பதிப்பு மாற்றத்துக்கு டம்ப் எதுவும் வேண்டாம். மென்பொருளை மாற்றிச் சர்வரை ஒருமுறை நிறுத்தித் தொடங்கினால் போதும். ஏற்கெனவே 14.2-இல் கன்கரன்ட்லியாக ஏதாவது கட்டியிருந்தால் இண்டெக்ஸைச் சோதிக்கும் பிஜி_ஆம்செக்கை ஹீப்ஆல்இண்டெக்ஸ்டு விருப்பத்தோடு ஓட்டிச் சரிபாருங்கள். விடுபட்ட வரி இருந்தால் காட்டிக்கொடுக்கும்.

இயங்குதளத்தையும் நடுவில் மாற்றினீர்களா? உபுண்டு 18.04-இல் இருந்த டேட்டா கோப்புறையை அப்படியே 20.04-க்கோ அதற்கு மேலோ கொண்டுவந்திருந்தால், நடுவில் ஜிலிப்சி என்ற லினக்ஸின் அடிப்படை நூலகத்தின் 2.28-ஆம் பதிப்பைத் தாண்டியிருக்கிறீர்கள். அந்தப் பதிப்பில் எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதி மாறியது. பெயர், ஊர், முகவரி என டெக்ஸ்ட் பத்திகளின் இண்டெக்ஸ் எல்லாம் பழைய வரிசையில் அடுக்கப்பட்டுப் புது வரிசையில் தேடப்படும். அப்படியானால் பருத்திருக்கிறதோ இல்லையோ, டெக்ஸ்ட் இண்டெக்ஸ்கள் அனைத்தையும் மறுபடி கட்டியே ஆகவேண்டும்.

இனி இண்டெக்ஸ். பெரிய இடம் கிடைப்பது மறுபடி கட்டுவதால் என்று பலரும் நினைக்கிறார்கள். வேண்டாத இண்டெக்ஸை எடுப்பதில்தான் முதல் லாபம்: அதற்கு ஒரு எம்பி கூட முன்பணமாகத் தேவையில்லை, இனி எழுதும் ஒவ்வொரு வரிக்கும் வேலை குறையும், அது மறுபடி பருக்கவும் பருக்காது. பிஜி_ஸ்டாட்_யூசர்_இண்டெக்சஸ் பார்வையில் ஐடிஎக்ஸ்_ஸ்கேன் எண்ணையும், பிஜி_ரிலேஷன்_சைஸ் தரும் அளவையும் பக்கம் பக்கமாக வைத்து, பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்துங்கள். சுழியம் என்று காட்டினால் உடனே நம்பிவிட வேண்டாம். அந்த எண்ணிக்கை எப்போது தொடங்கியது என்று பிஜி_ஸ்டாட்_டேட்டாபேஸ் பார்வையின் ஸ்டாட்ஸ்_ரீசெட் பத்தியில் பாருங்கள். பதிப்பு மாற்றிய நாளிலிருந்து மட்டுமே எண்ணியிருக்கலாம். ஜிஎஸ்டி கணக்குக்காக மாதம் ஒருமுறை ஓடும் அறிக்கைக்கு ஓர் இண்டெக்ஸ் தேவைப்படலாம், ஆகவே குறைந்தது ஒரு முழு மாதமாவது கடந்திருக்க வேண்டும். நகல் சர்வரில் அறிக்கை எடுத்தால் அங்கே நடக்கும் தேடல் இங்கே பதிவாகாது. யுனிக் கட்டுப்பாட்டின் இண்டெக்ஸ், ஒரு ஸ்கேன் இல்லாவிட்டாலும் இரட்டைப் பதிவைத் தடுத்துக்கொண்டிருக்கும். அதைத் தொடவே கூடாது.

ஸ்கேன் எண்ணிக்கை நிறைய இருந்தும் வேண்டாதவை உண்டு. போன் எண், தேதி இரண்டும் சேர்ந்த இண்டெக்ஸ் இருந்தால் போன் எண்ணுக்கென்று தனியாக ஒன்று பெரும்பாலும் தேவையில்லை. முதல் பத்தியை வைத்துத் தேடும் வேலையைக் கூட்டு இண்டெக்ஸே செய்யும். யுனிக் என்று அறிவித்த பத்தியின் மேலேயே மென்பொருள் சட்டகம் இன்னொரு சாதா இண்டெக்ஸையும் உருவாக்கி வைத்திருப்பது அடிக்கடி கண்ணில் படும் தவறு.

உங்கள் பட்டியலில் என் கண்ணை உறுத்துவது முகவரியின் மேலுள்ள டிரைகிராம் இண்டெக்ஸ். அது மட்டும் 4.5 ஜிபி. எழுத்தை மும்மூன்றாக நறுக்கி ஒவ்வொரு துண்டுக்கும் பதிவு வைக்கும் ரகம், நீளமான முகவரியில் பெருக்காமல் என்ன செய்யும்? கடையில் யாராவது உண்மையிலேயே முகவரியின் நடுவிலிருக்கும் ஒரு சொல்லை வைத்து ஆர்டர் தேடுகிறார்களா என்று விசாரியுங்கள். பலகாரக் கடையில் போன் வந்தால் கேட்பது எண்ணைத்தான். தேடுவதில்லை என்றால் இன்றிரவே எடுத்துவிடுங்கள். எடுக்குமுன் பிஜி_கெட்_இண்டெக்ஸ்டெஃப் தரும் வரையறையை ஒரு கோப்பில் சேமித்துக்கொள்ளுங்கள். வேண்டுமென்றால் அதே வரியை ஓட்டித் திரும்பக் கட்டலாம். கட்டளை:

டிராப் இண்டெக்ஸ் கன்கரன்ட்லி முகவரி_டிரைகிராம்;

கன்கரன்ட்லி இல்லாமல் டிராப் செய்தால், நீண்ட குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போது உங்கள் கட்டளை அதற்குப் பின்னால் காத்திருக்கும். உங்களுக்குப் பின்னால் கடையின் எல்லாக் குவெரியும் வரிசையில் நிற்கும். ஒரு நிமிடம் என்றாலும் தீபாவளி வாரத்தில் அது பெரிய நிமிடம்.

மிஞ்சியவற்றில் எது எவ்வளவு பருத்திருக்கிறது என்று ஊகிக்க வேண்டாம், அளந்துவிடலாம்.

கிரியேட் எக்ஸ்டென்ஷன் பிஜிஸ்டாட்டுப்பிள்;
செலக்ட் * ஃப்ரம் பிஜிஸ்டாட்இண்டெக்ஸ்('போன்_இண்டெக்ஸ்');

விடையில் ஏவிஜி_லீஃப்_டென்சிட்டி என்ற பத்தியைப் பாருங்கள். புதிதாகக் கட்டிய பி-ட்ரீயில் அது 90 அளவில் இருக்கும், ஏனென்றால் இண்டெக்ஸின் ஃபில்ஃபேக்டர் (கட்டும்போது பேஜை எத்தனை சதம் நிரப்புவது என்பது) இயல்பாகவே 90. உங்கள் போன் இண்டெக்ஸ் 760 எம்பி, அடர்த்தி 14 என்று எழுதியிருக்கிறீர்கள். 760-ஐ 14-ஆல் பெருக்கி 90-ஆல் வகுத்தால் 118. மறுபடி கட்டினால் ஏறக்குறைய 120 எம்பி ஆகும் என்று அர்த்தம். வேறு வழியிலும் சரிபார்க்கலாம். பத்து இலக்கப் போன் எண் டெக்ஸ்டாக இருந்தால் பதிவுத் தலைப்பு 8 பைட், எண்ணும் அதன் நீளக் குறியும் 11, மொத்தம் 19. அது எட்டின் மடங்காக 24 ஆகும். பேஜுக்குள் சுட்டி 4 சேர்த்து 28. ஒரு பேஜில் 260 பதிவுக்குச் சற்று மேல். மிச்சமுள்ள 40 லட்சம் வரிகளுக்கு 15,000 பேஜ் சொச்சம், அதாவது 120 எம்பி. இரண்டு கணக்கும் ஒத்துப்போகின்றன, பயமில்லாமல் இறங்கலாம். இந்த அளவீடு இண்டெக்ஸ் முழுவதையும் டிஸ்கிலிருந்து படிக்கும், ஆகவே பகலில் ஓட்ட வேண்டாம். பி-ட்ரீக்கு மட்டும்தான் இது செல்லும்.

இந்தக் கணக்கில் தெரியவேண்டிய செய்தி, 760 எம்பி இண்டெக்ஸைக் கட்ட 760 எம்பி காலியிடம் தேவையில்லை என்பது. புது இண்டெக்ஸின் அளவு, வரிசைப்படுத்தும்போது உண்டாகும் தற்காலிகக் கோப்பு, அதே அளவுக்கு வால், இவை மூன்றுக்கும் இடம் போதும். அதாவது புது அளவைப்போல மூன்று மடங்கு. போன் இண்டெக்ஸுக்கு 360 எம்பி. இந்த வேலைக்கு நினைவகம் ஒதுக்கும் மெயின்டனன்ஸ்_வொர்க்_மெம் இயல்பாக 64 எம்பி. சர்வரில் 4 ஜிபி நினைவகம் இருந்தால் அந்த இணைப்புக்கு மட்டும் 512 எம்பி ஆக்கிக்கொள்ளுங்கள். தற்காலிகக் கோப்பு பெரும்பாலும் எழாது, வேலையும் சீக்கிரம் முடியும்.

தமிழில் ஊர்ப்பெயர் வைத்திருப்பவர்கள் கவனிக்க ஒன்று. காரைக்குடி என்று தமிழில் எழுதினால் பத்துக் குறிகள், யூடிஎஃப்-8-இல் ஒவ்வொன்றும் 3 பைட், மொத்தம் 30. அதையே ஆங்கில எழுத்தில் எழுதினால் 9. ஊர் இண்டெக்ஸில் ஒரு பதிவு 44 பைட் ஆகிறது. 40 லட்சம் வரிக்கு 190 எம்பியைத் தொடும். ஆனால் 2020-இல் வந்த 13-ஆம் பதிப்பிலிருந்து, ஒரே மதிப்பு திரும்பத் திரும்ப வந்தால் மதிப்பை ஒருமுறையும் வரிச்சுட்டிகளை ஆறாறு பைட்டாகவும் எழுதும் வசதி உண்டு. பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டை என்று சில நூறு பெயர்களே திரும்பி வரும் பத்தியில் 190 எம்பி 30 எம்பிக்குள் அடங்கிவிடும். நீங்கள் 12-இலிருந்து பிஜி_அப்கிரேட் வழியாக வந்தவர். பழைய இண்டெக்ஸ்கள் பழைய அமைப்போடே வந்திருக்கின்றன. மறுபடி கட்டும்வரை இந்த வசதி அவற்றுக்குக் கிடைக்காது. எழுத்தை ஆங்கிலத்துக்கு மாற்றவெல்லாம் தேவையில்லை, தமிழிலேயே இருக்கட்டும். அதேபோல, 630001 என்ற பின்கோடை டெக்ஸ்டிலிருந்து இன்டீஜருக்கு மாற்றினால் இண்டெக்ஸ் சிறுக்கும் என்று சொல்வார்கள். சிறுக்காது. இரண்டுமே எட்டின் மடங்குக்கு உயர்த்தியபின் 16 பைட்தான்.

கட்டும் கட்டளை இது:

ரீஇண்டெக்ஸ் இண்டெக்ஸ் கன்கரன்ட்லி போன்_இண்டெக்ஸ்;

பிகின் போட்டு டிரான்சாக்ஷனுக்குள் (ஒன்றாக முடியும், அல்லது ஒன்றாகவே ரத்தாகும் கட்டளைத் தொகுப்பு) இதை ஓட்ட முடியாது. சிறியதில் தொடங்கி ஒவ்வொன்றாகப் பெரியதற்குப் போங்கள். ஒவ்வொன்றும் முடிந்ததும் அது விட்ட இடம் அடுத்ததற்கு உதவும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே டிஎஃப் போட்டுக் காலியிடத்தைப் பாருங்கள், வால் கழியக் கொஞ்சம் நேரம் விடுங்கள். பிரைமரி கீயையும் இதே கட்டளையால் கட்டலாம். அதைச் சார்ந்த ஃபாரின் கீக்களை (வேறு டேபிளிலிருந்து அதைச் சுட்டும் இணைப்புகள்) அவிழ்க்க வேண்டியதில்லை.

இந்தக் கட்டளை டேபிளை இரண்டு முறை படிக்கிறது, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் டிரான்சாக்ஷன்கள் முடியும்வரை சில கட்டங்களில் காத்தும் நிற்கிறது. இரவு ஓடும் பிஜி_டம்ப் ஒரு நீண்ட டிரான்சாக்ஷன், ஆகவே பேக்கப் முடிந்த பிறகு தொடங்குங்கள். உங்களுக்கு மலேசியா, சிங்கப்பூர் வாடிக்கையாளர்கள் உண்டு. அங்கே நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். நமக்கு விடியற்காலை 4 என்றால் அவர்களுக்கு 6.30. ஆகவே இரவு 11-லிருந்து 4-க்குள் வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பிஜி_ஸ்டாட்_ப்ராக்ரஸ்_கிரியேட்_இண்டெக்ஸ் பார்வை காட்டும். டிமக்ஸுக்குள் ஓட்டுங்கள். கடையில் கரண்ட் போய் உங்கள் இணைப்பு அறுந்தாலும் சர்வரில் வேலை தொடரும். மாதாந்திர மின் பராமரிப்பு நாளைத் தவிர்த்துவிட்டால் இன்னும் நிம்மதி.

நடுவில் தோற்றால் பழைய இண்டெக்ஸுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் குப்பை மிஞ்சும். பெயரின் கடைசியில் _சிசிநியூ என்று தொங்கும் செல்லாத இண்டெக்ஸ் ஒன்று கிடக்கும். தேடலுக்கு உதவாது, ஆனால் இடத்தைப் பிடித்துக்கொண்டு டேபிளில் எழுதும் ஒவ்வொரு முறையும் வேலை வாங்கும். அதை டிராப் செய்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். _சிசிஓல்டு என்று முடிந்தால் புதியது கட்டி முடிந்து பழையதை எடுக்கும்போது நின்றது என்று பொருள். அந்தப் பழையதை மட்டும் டிராப் செய்தால் போதும். பிஜி_இண்டெக்ஸ் அட்டவணையில் இன்ட்இஸ்வேலிட் பத்தி ஃபால்ஸ் என்று காட்டுபவற்றை வேலை முடிவில் ஒருமுறை தேடிவிடுங்கள். எப்போதோ தோற்றது இன்னும் கிடந்தாலும் கிடக்கும்.

5 ஜிபி டேபிளை என்ன செய்வது? விட்டுவிடுங்கள். உள்ளே மூன்றில் இரண்டு பங்கு காலி. தீபாவளி ஆர்டரும் தை முகூர்த்த ஆர்டரும் அங்கேதான் போய் உட்காரும். சுருக்கியே ஆகவேண்டும் என்றால் இண்டெக்ஸ் வேலை முடிந்து இடம் கிடைத்த பிறகு பிஜி_ரீபேக் பயன்படுத்துங்கள். அது கடையை நிறுத்தாமல் டேபிளை மாற்றி எழுதும், பிரைமரி கீயோ காலி மதிப்பு இல்லாத யுனிக் இண்டெக்ஸோ இருக்கவேண்டும்.

பருக்காமல் தடுக்கும் பகுதிக்கு வருவோம். ஆட்டோவேக்கம் (தானாக ஓடும் வேக்கம்) இயல்பாக டேபிளில் 20 சதம் செத்த பிறகுதான் எழும். 40 லட்சம் வரியில் அது 8 லட்சம். இந்த ஒரு டேபிளுக்கு மட்டும் ஆட்டோவேக்கம்_வேக்கம்_ஸ்கேல்_ஃபேக்டரை 0.02 ஆக்குங்கள். அதைவிட முக்கியம், எவராவது டிரான்சாக்ஷனைத் திறந்து போட்டுவிட்டுப் போயிருக்கிறார்களா என்பது. பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியில் நிலை ஐடில் இன் டிரான்சாக்ஷன் என்றும், எக்ஸ்ஆக்ட்_ஸ்டார்ட் பல மணி நேரம் முன்பு என்றும் இருந்தால், அதன்பின் செத்த எந்த வரியையும் வேக்கத்தால் துடைக்க முடியாது. எத்தனை முறை ஓட்டினாலும் வீண். ஐடில்_இன்_டிரான்சாக்ஷன்_செஷன்_டைம்அவுட்டைப் பத்து நிமிடமாக வையுங்கள். பில் மென்பொருளில் எங்கே கமிட் (டிரான்சாக்ஷனை முடிக்கும் கட்டளை) மறந்திருக்கிறார்கள் என்று அப்போது தானாக வெளியே வரும்.

நிலை பத்திக்கு என் யோசனை, அதைப் பெரிய டேபிளிலிருந்தே பிரித்துவிடுவது. ஆர்டர்_நிலை என்று மூன்றே பத்தியுள்ள சிறு டேபிள்: ஆர்டர் எண், நிலை, நேரம். ஐந்து மாற்றமும் அங்கே நடக்கட்டும், பெரிய டேபிளின் இண்டெக்ஸ்களில் ஒரு பதிவும் கூடாது. இதைச் செய்ய மென்பொருளில் நாலைந்து குவெரி மாற்றவேண்டி வரும், ஆனாலும் செய்யத் தகுந்த வேலை. இன்னும் வீடு சேராத ஆர்டர்களுக்கு மட்டும் பகுதி இண்டெக்ஸ் வைத்தால் போதும் என்பார்கள் சிலர். அளவு சிறிதாகும் என்பது உண்மை. ஆனால் பகுதி இண்டெக்ஸின் நிபந்தனையில் நிலை பத்தி இருப்பதாலேயே ஹாட் குறுக்குவழி அடைபட்டுத்தான் இருக்கும், மற்ற இண்டெக்ஸ்கள் எல்லாம் பழையபடி பருக்கும்.

வருடா வருடம் பழையதை நீக்கப் போகிறீர்கள் என்றால் ஏப்ரல் முதல் மார்ச் வரையான கணக்காண்டுக்கு ஒரு பார்ட்டிஷன் (டேபிளின் தனித் துண்டு) வையுங்கள். ஆண்டைக் கழிக்கும்போது அந்தப் பார்ட்டிஷனை டிராப் செய்தால் டேபிளும் அதன் இண்டெக்ஸ்களும் கோப்போடு போய்விடும், இடம் அப்போதே இயங்குதளத்துக்குத் திரும்பும். பிரைமரி கீயில் தேதியும் சேரவேண்டும் என்பது இதன் நிபந்தனை. ஆர்டர் எண் மட்டும் கீயாக இருக்கும் இப்போதைய அமைப்பை மாற்றவேண்டி வரும், ஆகவே அவசரம் முடிந்தபின் மார்கழியில் நிதானமாகச் செய்யுங்கள்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி அளந்து பார்ப்பீர்கள், அப்போது போன் இண்டெக்ஸின் அடர்த்தி 90-லிருந்து 70 பக்கம் இறங்கியிருக்கும். அதைப் பார்த்து மறுபடி ரீஇண்டெக்ஸ் போட வேண்டாம். கலைந்த வரிசையில் பதிவுகள் வரும் பி-ட்ரீயில் பேஜ்கள் பாதிபாதியாகப் பிளந்து நிரம்பும், 70 அதன் இயல்பான நிலை. இறுக்கிக் கட்டினால் மறுநாளிலிருந்து பிளக்க ஆரம்பிக்கும். 40-க்குக் கீழே போனால் மட்டும் விசாரியுங்கள். அப்போதும் முதலில் பார்க்கவேண்டியது பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியில் திறந்து கிடக்கும் டிரான்சாக்ஷன். ரீஇண்டெக்ஸ் அதற்குப் பிறகுதான்.